துருப்பிடித்த இரண்டு இருக்கைகள்

சென்ற வருடம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். திரும்பி வந்ததும் நண்பர்கள் பலர் கேட்டார்கள்: "என்ன சார், லண்டன் பார்த்தீங்களா? அரண்மனை பார்த்தீங்களா?" பார்த்தேன். ஆனால் அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது துருப்பிடித்த இரண்டு கார் இருக்கைகளைப் பற்றி. அவற்றைப் பழுது பார்த்த நாட்களில் தெரிந்துகொண்ட சில பழைய கதைகளும், ஐம்பது வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் இதில் வரும்.

என் மாப்பிள்ளைக்குக் கார் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் 1972ஆம் வருடத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கி நிறுத்தியிருந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, தரையோடு தரையாகப் போகும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எங்கோ ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருடம் கிடந்ததாம். எஞ்சினை அவரே பிரித்து மாட்டி ஓட வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது இருக்கைகள்தான்.

நான் போன மறுநாள் கொட்டகைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். காரின் முன்பக்க மூடியை அவர் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடி மட்டும் எழும்பவில்லை. இரண்டு பக்க மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து மூஞ்சி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்தது. "இது நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரி இல்ல இருக்கு?" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "மாதிரி இல்ல மாமா. ஹெரால்டோட தம்பியேதான் இது."

அறுபதுகளில் சென்னையில் வாழ்ந்தவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டை நினைவுபடுத்த வேண்டியதில்லை. டாக்டர் வீட்டு வாசலில் ஒன்று நிற்கும், வக்கீல் வீட்டில் ஒன்று நிற்கும். வண்டலூர் தொழிற்சாலையில் 1961 முதல் அது தயாரானது. அந்த வண்டியின் பிறந்த ஊர் நான் போய் இறங்கிய இதே கோவென்ட்ரிதான். ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1903இல் இங்கே தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் டிரையம்ப் கம்பெனியை ஸ்டாண்டர்டு வாங்கிக்கொண்டது. அதனால்தான் அங்கே டிரையம்ப் ஹெரால்டு என்று ஓடியது நம் ஊரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று.

ஹெரால்டு பிறந்த விதமே ஒரு கதை. ஐம்பதுகளில் கார்களை அடிச்சட்டம் இல்லாமல், முழு உடலையும் ஒரே கூடாகச் செய்யும் முறை பரவிவிட்டது. ஸ்டாண்டர்டுக்குக் கார் உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பெரிய கூடு செய்து தர ஆள் இல்லை. என்ன செய்வது? பழைய முறைக்கே திரும்பினார்கள். தனியாக ஒரு இரும்பு அடிச்சட்டம். அதன்மேல் துண்டு துண்டாகச் செய்த உடல் பாகங்களைப் போல்ட் போட்டு முடுக்குவது. இத்தாலியில் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். 1959இல் ஹெரால்டு வெளிவந்தது.

கஷ்டத்துக்குச் செய்த அந்த ஏற்பாட்டில் இரண்டு லாபம் கிடைத்தது. துண்டுகளாக இருந்ததால் கப்பலில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவது சுலபம். சென்னைக்கு ஹெரால்டு பொருந்தி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மற்றது, அடிச்சட்டம் தனியாக இருந்ததால் அதை வெட்டிக் குறுக்கி வேறு காரும் செய்யலாம். ஹெரால்டில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 91½ அங்குலம். அதை 83 அங்குலமாகக் குறைத்து, அதே மிக்கெலோட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்தார். ஆனால் கம்பெனியில் பணம் இல்லை. மாதிரி வண்டியைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1961இல் லேலண்டு கம்பெனி ஸ்டாண்டர்டு டிரையம்ப்பை வாங்கியது. புதிய முதலாளிகளின் ஆட்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். இதையே செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. 1962 அக்டோபரில் ஸ்பிட்ஃபயர் வெளியானது. போரில் பெயர் எடுத்த விமானத்தின் பெயர். 1980 வரை ஏறத்தாழ 3 லட்சத்து 14 ஆயிரம் வண்டிகள் செய்தார்கள். எல்லாம் மகள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள கான்லி தொழிற்சாலையிலிருந்து வந்தவை. தொழிற்சாலை இன்று இல்லை.

இவ்வளவையும் மாப்பிள்ளை மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, மூலையில் கிடந்த இரண்டு இருக்கைகளைக் காட்டினார். கறுப்பு ரெக்சின் உறை வெடித்திருந்தது. உள்ளே இருந்த ஃபோம் மஞ்சள் மாவாக உதிர்ந்தது. அடியில் கை வைத்தால் துரு செதில் செதிலாக விரலில் ஒட்டியது. ஒரு இருக்கையைத் தூக்கினார், அது லேசாகக் கோணியது.

"மாமா, இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா வேற ஜோடி வாங்கிடலாம்னு இருக்கேன்."

"இருங்க மாப்பிள்ளை, உறையைப் பிரிச்சுப் பார்க்காம சொல்லாதீங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகுதான் உறைத்தது, அது என் வார்த்தை இல்லை என்று. என் அப்பாவின் வார்த்தை.

என் அப்பா கார் குஷன் வேலை செய்தவர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. ஒரு தையல் மிஷின், ஒரு நீளப் பலகை, உதவிக்கு ஒரு பையன். அம்பாசடர், ஃபியட், மோரிஸ் மைனர், ஹெரால்டு எல்லாம் வரும். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் போய் உட்காருவேன். தென்னை நாரைப் பிய்த்துக் கொடுப்பது என் வேலை. நார்த் தூசி மூக்கில் ஏறித் தும்மல் நிற்காது. அப்பாவின் விரல்களில் ஊசி குத்திய தழும்புகளும் சொலூஷன் கறையும் எப்போதும் இருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது.

அப்பா ஒரு இருக்கையைப் பழுது பார்க்க எடுத்தால் முதலில் உறையைக் கிழிக்க விடமாட்டார். "பழைய உறைதான்டா அளவு. அதைக் கிழிச்சா அளவு போச்சு" என்பார். தையலை ஒவ்வொன்றாகப் பிரிப்பார். அப்புறம் நாரை எடுப்பார். அப்புறம் கோணி. அப்புறம் ஸ்பிரிங். கடைசியில் இரும்புச் சட்டம். அதைத் திருப்புளியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கணீர் என்றால் நல்ல இரும்பு. சத்தம் அமுங்கினால் உள்ளே துரு தின்றுவிட்டது என்று அர்த்தம்.

அதையேதான் கோவென்ட்ரியில் நானும் செய்தேன். மாப்பிள்ளை ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். உறையைச் சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்புகளை நெம்பி எடுத்தோம். ஃபோமைச் சுரண்டி எடுத்தோம். அதன் அடியில் ஸ்பிரிங் இல்லை. ஒரு தடித்த ரப்பர் விரிப்பு, சுற்றிலும் கம்பிக் கொக்கிகளால் குழாய்ச் சட்டத்தில் மாட்டி இழுத்துக் கட்டியிருந்தது. நம் ஊர் நாடாக் கட்டில் மாதிரி. உட்காருபவரின் எடையை அந்த ரப்பர்தான் தாங்குகிறது. அது காய்ந்து, நடுவில் கிழிந்து தொங்கியது.

இருக்கை ஏன் துருப்பிடிக்கிறது? இரும்பு துருப்பிடிக்க நீர் வேண்டும், காற்று வேண்டும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். துணிக்கூரை போட்ட காரில் மழை எப்படியும் ஒழுகும். அந்த ஊரில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது செருப்போடு உள்ளே வந்து தரை விரிப்பில் தங்கும். ஃபோம் தண்ணீரைக் குடித்துவிட்டு லேசில் விடாது. மேலே உறை காய்ந்திருக்கும், தொட்டால் ஈரமே தெரியாது. அடியில் இரும்பு மாதக்கணக்கில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். நம் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பிக்கு நடப்பதும் இதேதான். ஆனால் ஜன்னல் கம்பி கண்ணுக்குத் தெரியும், வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம். இருக்கைச் சட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

திருப்புளியால் தட்டிப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய காது என்றாலும் வித்தியாசம் தெரிந்தது. முதுகுப் பக்கம் முழுவதும் கணீர். கீழே, பின்பக்கக் குறுக்குக் குழாயும் வலது மூலையும் மட்டும் பொத பொத. அழுத்தினால் திருப்புளி உள்ளே போயிற்று. "இந்த இரண்டு இடம்தான் மாப்பிள்ளை. மத்ததெல்லாம் மேல் துரு" என்றேன். அவர் முகத்தில் முதல் தடவையாக நம்பிக்கை வந்தது.

துருவை எடுக்க மாப்பிள்ளை ஒரு வித்தை வைத்திருந்தார். அப்பா காலத்தில் கம்பி பிரஷும் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும்தான். இவர் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடாவைக் கரைத்தார். இருக்கைச் சட்டத்தை அதில் முக்கி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் ஒயரை அதில் மாட்டினார். பாசிட்டிவ் ஒயரைப் பழைய இரும்புத் தகடு ஒன்றில் மாட்டித் தொட்டியின் ஓரத்தில், சட்டத்தைத் தொடாமல் தொங்கவிட்டார். கரண்டு கொடுத்ததும் நுரை நுரையாகக் குமிழ் வந்தது. அது ஹைட்ரஜன் வாயு, தீப்பிடிக்கும். அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, அதில் உள்ள குரோமியம் தண்ணீரை விஷமாக்கிவிடும். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் துரு கறுப்புச் சேறாக மாறி, துடைத்தாலே வந்தது. நல்ல இரும்பு ஒரு நூல்கூடத் தேயவில்லை. அப்பா பார்த்திருந்தால் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பார்.

செத்துப்போன குழாயை அறுத்துவிட்டு, உள்ளே நுழையும் அளவில் ஒரு சிறிய குழாயை வைத்து, மேலே அதே கனத்தில் புதுக் குழாய் சேர்த்து வெல்டிங் வைத்தார். அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமர், பிறகு கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட்டிங். ரப்பர் விரிப்பும் ஃபோமும் உறையும் அந்த வண்டிக்கென்றே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபாலில் வந்தன.

பெட்டியைப் பிரித்து அந்த ரப்பர் விரிப்பைக் கையில் எடுத்தபோது ஒன்று தோன்றியது. கார் இருக்கைக்குள் ரப்பர் வந்த கதையில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

ஆரம்ப காலத்துக் கார்களில், குதிரை வண்டியில் போட்ட அதே இருக்கைதான். இரும்பு ஸ்பிரிங், அதன்மேல் சணல் சாக்கு, அதன்மேல் குதிரை மயிர், மேலே தோல். குதிரை மயிர் விலை அதிகம் என்பதால் பல நாடுகளில் தென்னை நாரும் சேர்த்தார்கள். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலேயே ரப்பர்ப் பால் தெளித்து இறுக்கிய தென்னை நார்த் திண்டு இருந்தது. 1929இல் பர்மிங்ஹாமில் டன்லப் கம்பெனியின் விஞ்ஞானி ஈ.ஏ. மர்ஃபி ஒரு காரியம் செய்தார். ரப்பர்ப் பாலை முட்டை அடிப்பது போல நுரை வர அடித்து, அச்சில் ஊற்றி வேகவைத்தார். வீட்டுச் சமையலறைக் கருவியில்தான் முதலில் அடித்துப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அப்படிப் பிறந்ததுதான் ஃபோம் ரப்பர். டன்லப்பில்லோ மெத்தை என்று நம் ஊரிலும் வசதியானவர்கள் வீட்டில் இருந்ததே, அதுதான். பிறகு ஐம்பதுகளில் ரசாயனத்தில் செய்த பாலியூரித்தேன் ஃபோம் வந்தது. இன்று எல்லாக் காரிலும் அதுதான்.

அந்தக் காலத்து ரப்பர்ப் பாலுக்குப் பெரிய இடம் மலாயா. டன்லப்புக்கும் அங்கே சொந்தத் தோட்டங்கள் இருந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியும் முன்னே எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து கங்காணியோடு கப்பலேறியவர்கள். இங்கிலாந்தில் யாரோ ஒரு சீமான் ஸ்போர்ட்ஸ் காரில் மெத்தென்று சாய்ந்து உட்கார்ந்தபோது, அந்த மெத்தின் ஒரு முனை அந்தத் தோட்டத்தில் இருந்தது. ரெக்சின் என்று நாம் சொல்வதும் மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு கம்பெனி வைத்த வியாபாரப் பெயர்தான். துணியில் ரசாயனம் பூசித் தோல் மாதிரி செய்தது. கம்பெனி மறந்துபோய்ப் பெயர் மட்டும் நம் தையல்கடைகளில் தங்கிவிட்டது.

இனி உறை போடும் கதை. கடினமான வேலை முடிந்தது, இனி தலையணை உறை மாட்டுவது போலத்தானே என்று இருவருமே நினைத்தோம். முழுதாக ஒரு பகல் போராடினோம். நான் ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் இழுக்க, ஒருவழியாக மாட்டிக் கிளிப் போட்டு நிமிர்த்திப் பார்த்தால், மூலைகளில் என் கைத்தோலைப் போலச் சுருக்கம். தையல் கோடுகள் நேராக இல்லாமல் ஒரு பக்கம் ஓடின. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைக்கு "நல்லாத்தான் மாமா இருக்கு" என்றார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா எப்படிச் செய்வார் என்று கண்ணை மூடி யோசித்தேன். உறையை முதலில் கொண்டுபோய் வெயிலில் போடுவார். "ரெக்சின் சூடானாத்தான் பேச்சைக் கேக்கும்" என்பார். குஷன் மேல் மெல்லிய பாலிதீன் காகிதம் ஒன்றைப் போர்த்துவார். அது இருந்தால் உறை ஃபோமைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஓரத்திலிருந்து இழுக்கவே மாட்டார். நடுத் தையலை நடுவில் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி வெளிப்பக்கம் போவார். ஒரு பக்கம் ஒரு கிளிப் போட்டால், நேர் எதிர்ப் பக்கம் ஒரு கிளிப். பிறகு குறுக்கே. கடைசியில்தான் மூலை.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றினோம். வெயில் சுமாராகத்தான் இருந்தது, அதனால் மகளின் ஹேர் டிரையரையும் சேர்த்துக்கொண்டோம். குப்பைப் பை ஒன்றைக் கிழித்துப் பாலிதீனுக்கு வைத்தேன். நடுவிலிருந்து நீவினேன். என் கை அந்த வேலையைச் செய்து ஐம்பத்தைந்து வருடம் ஆகியிருக்கும். சொல்லப்போனால் நான் செய்ததே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவன்தான். ஒன்றரை மணி நேரத்தில் உறை சட்டைபோல உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

மாப்பிள்ளை இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க மாமா கத்துக்கிட்டீங்க இதை? நீங்க பேங்க்லதானே இருந்தீங்க?" என்றார்.

"எங்கப்பா குஷன் கடை வெச்சிருந்தார்" என்றேன். பக்கத்தில் காப்பியோடு நின்ற மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாத்தா 'ஆட்டோமொபைல் பிசினஸ்' செய்தார் என்றுதான் அவளுக்குத் தெரியும். நான் சொல்லி வைத்தது அப்படி.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகள், "அப்பா, உங்களுக்கு ஒரு படம் காட்டறேன்" என்று டி.வி.யில் போட்டாள். 'மேட் இன் டேகன்ஹாம்' என்று 2010இல் வந்த ஆங்கிலப் படம். முழுக்க முழுக்கக் கார் இருக்கை உறை தைத்த பெண்களைப் பற்றியது. படத்தில் சினிமாவுக்காகச் சேர்த்தது நிறைய. ஆனால் அடிப்படை நடந்த சங்கதி. பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன்.

லண்டனுக்குக் கிழக்கே டேகன்ஹாமில் ஃபோர்டு கம்பெனியின் பெரிய தொழிற்சாலை. அங்கே இருக்கை உறை தைக்கும் பிரிவில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். வேலைக்குச் சேரும்போது மிஷினில் தைத்துக் காட்டித் தேறினால்தான் எடுப்பார்கள். ஆனால் கம்பெனி வேலைகளைத் தரம் பிரித்தபோது, இவர்கள் தையலைத் திறமை வேண்டாத வேலை என்று 'பி' தரத்தில் வைத்தார்கள். அதே தரத்து ஆண்களுக்குக் கொடுத்ததில் 85 சதவீதம்தான் இவர்களுக்குச் சம்பளம். வீட்டில் பெண்கள் தைக்கிறார்கள் அல்லவா, அதில் என்ன திறமை இருக்கிறது என்ற எண்ணம்.

1968 ஜூன் 7ஆம் தேதி 187 பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையிருப்பில் இருந்த உறைகள் தீர்ந்தன. அப்புறம்தான் தெரிந்தது. எஞ்சின் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, உடல் இருக்கிறது, இருக்கை இல்லை. இருக்கை இல்லாத காரை யாருக்கு விற்பது? உலகத்திலேயே பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றின் இங்கிலாந்துத் தொழிற்சாலை மூன்று வாரத்தில் ஸ்தம்பித்தது. வேலைவாய்ப்புத் துறை அமைச்சராக இருந்த பார்பரா காசில் என்ற அம்மையார் அந்தப் பெண்களை அழைத்து உட்கார வைத்துப் பேசினார். ஆண்கள் சம்பளத்தில் 92 சதவீதம் என்று உடன்பாடு ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1970இல் சம ஊதியச் சட்டம் நிறைவேறியது.

படம் அங்கே வெற்றியோடு முடிகிறது. புத்தகத்தில் இன்னும் ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பெண்கள் முதலில் கேட்டது சம்பள உயர்வு மட்டும் இல்லை. "எங்கள் வேலையைத் திறமையான வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள், 'சி' தரத்தில் போடுங்கள்" என்பதுதான் அவர்கள் முதல் கோரிக்கை. பணம் கொஞ்சம் கூடியதே ஒழிய அது கிடைக்கவில்லை. அதற்காக 1984இல் திரும்ப ஒரு தடவை, ஆறு வாரம், வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகுதான் 'சி' தரம் கொடுத்தார்கள். தைப்பதும் ஒரு தொழில்தான் என்று ஒப்புக்கொள்ளப் பதினாறு வருடம் ஆயிற்று. 1968இல் மிஷினை நிறுத்தியவர்களில் பலர் அதற்குள் வயதாகி ஓய்வு பெற்றிருப்பார்கள்.

இதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்களின் வேலையைக் கேவலமாக நினைத்தது ஒரு கம்பெனி. என் அப்பாவின் வேலையைக் கேவலமாக நினைத்தது யார்?

1974இல் எனக்கு வங்கியில் வேலை கிடைத்தது. சேரும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்தேன். கடையிலிருந்து வந்த அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று படித்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். நான் அந்தக் கட்டத்தில் வியாபாரம் என்று எழுதியிருந்தேன். அப்பா அந்தச் சொல்லை ஒரு தடவை வாய்க்குள் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. 1989இல் அவர் போய்ச் சேர்ந்தார். கடைச் சாமான்களை எடைக்குப் போட்டவன் நான். அந்தக் கோணி ஊசிகளைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது இருக்கையை ஆகஸ்ட் கடைசியில் முடித்தோம். உறையை மூடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு பெயின்ட் பேனாவைக் கொண்டுவந்து, "மாமா, உள்ளே சட்டத்துல தேதி போடுங்க. பின்னால யாராவது பிரிச்சா தெரியட்டும்" என்றார். பழைய உறையைப் பிரித்தபோது உட்புறத்தில் சாக்கட்டியால் யாரோ ஒரு எண் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தோம். தைத்தவர் எண்ணோ, சரிபார்த்தவர் எண்ணோ. பெயர் இல்லை. நான் தேதியைப் போட்டு, அதன் கீழே என் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஊர் திரும்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூரையை இறக்கிவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய கான்லி தொழிற்சாலை இருந்த பக்கமாக ஒரு சுற்று ஓட்டினார். இருக்கை நன்றாக இருந்தது. அழுத்தமும் இருந்தது, கொடுப்பும் இருந்தது. அப்பா ஒரு இருக்கையை முடித்தவுடன் வாடிக்கையாளரை உட்காரச் சொல்லமாட்டார். தானே உட்கார்ந்து கண்ணை மூடி, இரண்டு தடவை அசைந்து பார்ப்பார். நானும் அப்படிப் பார்த்தேன்.

வீட்டில் பழைய கார், பழைய நாற்காலி, பழைய சோபா இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிரித்துப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது இரண்டு இடமாகத்தான் இருக்கும். உங்கள் தெருவில் குஷன் தைப்பவர் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால் அவரிடம் கொடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அந்த வங்கிப் படிவம் எந்தக் குடோனில் மக்கிப் போயிற்றோ தெரியாது. திருத்த முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். தந்தையின் தொழில்: கார் குஷன் தைப்பது.